எந்தப் பிரேமில் குனிந்தாள்

எழுபத்து நான்காவது நிமிடத்தில் எலெயின் விசிலை நீட்டி ஊதிவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காற்றில் ஒரு பெரிய சதுரம் வரைந்தாள். ரக்பியில் மைதானத்து நடுவர் சதுரம் வரைந்தால் வீடியோவைக் கேட்கிறார் என்று அர்த்தம், வீடியோ என்றால் சுகந்தினி, மைதானச் சுவருக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குள் ஏழு திரைகளுக்கு முன்னால் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கும் கண்டிக்காரி, பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், மூன்று வார லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோலாலம்பூர் வந்திருப்பவள். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் பாதி, மீதிப் பாதிக்குப் பெயர் சொல்ல வெட்கமாக இருந்தது, சந்தோஷம்தான் அது, ஏனென்றால் ஆட்டம் அப்படிப்பட்ட ஆட்டம், பிலிப்பைன்ஸ் பத்தொன்பது மலேசியா பதினேழு, இன்னும் ஆறே நிமிடம், இடைவேளையில் கொட்டிய மழையில் புல் வழுக்கிக்கொண்டு கிடக்க முப்பது பெண்கள் சேற்றோடு சேறாகப் புரண்டு எழுந்து ஓடுகிறார்கள், ஆசியப் போட்டியில் இப்படி ஒரு ஆட்டத்தை அவள் பார்த்ததே இல்லை, கூட்டத்தின் இரைச்சல் வண்டியின் தகரத்தைத் தாண்டி வந்து கால் வழியாக ஏறுகிறது. அதற்கு நடுவில்தான் அந்த அடி. மலேசியாவின் பன்னிரண்டாம் எண் அய்னா பந்தை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் பாய்ந்தாள், பிலிப்பைன்ஸின் ஏழாம் எண் மரிசோல் எதிரே வந்தாள், மரிசோலின் தோள் அய்னாவின் தாடையில் பட்டது. அது பட்டதைவிட அய்னா விழுந்த விதம்தான் சுகந்தினிக்குள் போய்க் குத்தியது, கை முன்னால் நீளவில்லை, விழுகிற எவளும் கையை நீட்டுவாள், குழந்தைகூட நீட்டும், இவள் கம்பத்திலிருந்து அவிழ்த்துவிட்ட துணி மாதிரி விழுந்தாள். இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டாள், டாக்டர் பக்கத்தில் முட்டி போட்டிருக்கிறார், அவரிடம் ஏதோ சொல்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள், சிரித்தால் நல்லதுதானா, போன வாரம் அந்தத் தாய்லாந்துப் பெண்ணும் சிரித்தாளே.

"மேடம், எந்தக் கேமரா முதல்ல?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த தேவேந்திரன். ரீப்ளே ஓட்டுகிறவர், இங்கே பக்கத்து ஊர்க் கிள்ளான்காரர், காதோரம் நரைத்த மனிதர், முதல் நாளே தமிழில் பேச ஆள் கிடைத்ததில் நெளிந்து நெளிந்து சந்தோஷப்பட்டவர். "பக்கவாட்டுல இருந்து போடுங்கண்ணே, மெதுவா," என்றாள். படம் மைதானத்தின் பெரிய திரையிலும் ஒரே நேரத்தில் ஓடும், எலெயின் அங்கே அண்ணாந்து பார்ப்பாள், கூட்டமும் பார்க்கும், முடிவு எலெயினுடையதுதான், ஆனால் எதைக் காட்டுவது, எதில் நிறுத்துவது, கேட்டால் என்ன சொல்வது என்பது இந்த நாற்காலி. தோள் தலையில் பட்டால் சிவப்பு அட்டை, ஆள் வெளியே போக வேண்டும், அணி ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும், மரிசோலுக்கு இறுதிப் போட்டியும் போச்சு. ஆனால் அடி விழுவதற்கு முன்னாலேயே பந்து வைத்திருந்தவள் திடீரென்று குனிந்திருந்தால் அடித்தவள் பாவம், அவள் நெஞ்சைப் பார்த்துத்தான் வந்தாள், தலை தானாக வந்து மாட்டிக்கொண்டது, அப்போது மஞ்சள், பத்து நிமிடம் மட்டும் வெளியே. எல்லாம் அந்த ஒரு கேள்வியில் நிற்கிறது, குனிந்தாளா, எப்போது குனிந்தாள், அடிக்கு முன்னாலா பின்னாலா. பக்கவாட்டுக் கேமராவில் அய்னா குனிகிற மாதிரித்தான் இருக்கிறது. மேலே இருந்து எடுத்ததிலும் அப்படித்தான். எலெயினின் குரல் காதுக்குள் வந்தது, சிங்கப்பூர் ஆங்கிலம், சுகந்தினியின் தலைக்குள் விழும்போது எல்லாம் தமிழாகிவிடும். "தலையில பட்டிருக்கு, அதுல சந்தேகமில்ல. ஆனா குனியிறா. எனக்குக் குனியிற மாதிரித்தான் தெரியுது. மஞ்சளுக்குப் போறேன். உங்களுக்குச் சம்மதமா?" இதே கேள்வி. போன வாரமும் இதே கேள்விதான், வேறு நடுவர், வேறு குரல், ஆனால் கடைசியில் அந்தக் குரல் லேசாக மேலே போய் நின்ற இடம் இதேதான், ஆமாம் என்று சொல் என்று கெஞ்சுகிற இடம். போன வாரம் மலேசியாக்காரி ஒருத்தி தாய்லாந்தின் பத்தாம் எண்ணை இதே மாதிரி அடித்தாள், குனிந்தாள்தானே என்று கேட்டார் அந்த நடுவர், ஆமாம் குனிந்தாள் என்று சுகந்தினி சொன்னாள், மஞ்சள், ஆட்டம் ஓடியது. ஆமாம் என்ற சொல் எவ்வளவு சுலபமாக நாக்கில் வந்து உட்காருகிறது. யாரும் காசு கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை, ஒரு மனிதர் களைத்துப்போன குரலில் சம்மதமா என்றார், அவருக்குச் சம்மதமாக இருக்கட்டும் என்று இவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மறுநாள் ஹோட்டலில் லிஃப்டுக்குப் பக்கத்தில் அந்தப் பத்தாம் எண், பெயர்கூடத் தெரியாது, பகலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அறைச்சாவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் அறை எந்த மாடி என்று அவளுக்கு மறந்துவிட்டது. சுகந்தினியைப் பார்த்துச் சிரித்தாள், யாரென்று தெரிந்து சிரித்தாளா, சும்மா சிரித்தாளா. அன்று மத்தியானம் சுகந்தினி கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியில் அந்த அடியைப் பதினெட்டுத் தடவை போட்டுப் பார்த்தாள், பதினெட்டாவது தடவையில்தான் தெரிந்தது. அவள் குனியவில்லை. அடி விழுந்தது, முழங்கால் மடங்கியது, அதனால் தலை இறங்கியது. குனிந்ததால் அடி படவில்லை, அடி பட்டதால் குனிந்தாள். ஒரே ஒரு பிரேம், வீடியோவில் ஒரே ஒரு படம் வித்தியாசம், கண் இமைக்கிறதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

"மேடம், கேக்குறாங்க," என்று தேவேந்திரன் முணுமுணுத்தார். கேட்கட்டும். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று மைக்கில் சொன்னாள், தன் குரல் தனக்கே கீச்சென்று கேட்டது. திங்கட்கிழமை நடுவர்களின் மேலாளர் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினாரே, நல்ல மனிதர், எல்லாருக்கும் கை குலுக்கிக் காபி ஊற்றிக் கொடுத்தவர், அவர் சொன்னார், சனிக்கிழமை கொடுத்த மஞ்சள் சரிதான், இனி இந்தப் போட்டி முடியும்வரைக்கும் இப்படிப்பட்ட அடிக்கு அதுதான் அளவு, தயவுசெய்து ஒரே அளவாக இருங்கள், உலகம் முழுக்க நம்மைத் திட்டுவது ஒன்றுக்காகத்தான், இங்கே ஒன்று அங்கே ஒன்று கொடுக்கிறோம் என்று. இவள் அப்போது கையைத் தூக்கியிருக்கலாம். காபிக் கோப்பையைத்தான் தூக்கினாள். ஒரே அளவு. பள்ளிக்கூடத்தில் நீளம் பாய்தலுக்கு ஒரு டேப் இருந்தது, முன்னால் நாலு சென்டிமீட்டர் பிய்ந்து போய், அதைத் தெரியாமல் அவள் இரண்டு வருடம் அதிலேயே அளந்தாள், எல்லாப் பிள்ளைக்கும் நாலு சென்டிமீட்டர் கூட விழுந்தது, யாருக்கும் அநியாயமில்லை, எல்லாருக்கும் ஒரே அளவு, கடைசியில் மாகாணப் போட்டிக்கு ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏழு பேரும் முதல் சுற்றிலேயே தோற்றுப் பஸ்ஸில் அழுதுகொண்டு திரும்பினார்கள். அதன்பிறகு பிய்ந்த டேப்பில்தானே எல்லாரையும் அளந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது. ஆனால் இது டேப் இல்லை, இது வேறு, இங்கே உள்ளூர்க்காரிக்குப் போன வாரம் மஞ்சள் கொடுத்துவிட்டு இன்று வெளியிலிருந்து வந்தவளுக்குச் சிவப்பு என்றால் என்ன சொல்வார்கள், மலேசியாவுக்கு ஒரு சட்டம் பிலிப்பைன்ஸுக்கு ஒரு சட்டம், சொல்லத்தான் செய்வார்கள், இவளே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் இவளும் கத்தியிருப்பாள். மரிசோல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், மூன்றாவது திரையில், வாயைத் திறந்து மூச்சு விடுகிறாள், ஜடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, என்ன டேக்கிள் அது, என்ன வேகம், அந்தத் தோள் போய் முட்டுகிறபோது முழங்கால் வரைக்கும் ஓடுகிற அந்த நிறைவு சுகந்தினிக்குத் தெரியும், இருபத்தாறு வயதில் அவளும் ஏழாம் எண்தான். கண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹிமாலி என்கிற பெண்ணை அவள் இப்படித்தான் அடித்தாள். காற்றில் கதவு சாத்திக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். அப்போது இத்தனை கேமரா ஏது, நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், பந்து உருண்டு வெளியே வந்தது, இவள் எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கோட்டுக்கு அப்பால் வைத்தாள், எல்லாரும் மேலே விழுந்து அமுக்கினார்கள், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் இன்னொன்று இருந்திருந்தால் சொல்லலாம். இரண்டு வருடம் கழித்துக் கண்டி பஸ் ஸ்டாண்டில் ஹிமாலியே வந்து கையைப் பிடித்தாள், கோபம் ஒன்றும் இல்லை, அவள் கேட்டது ஒன்றுதான், அன்றைக்கு நடந்தது எதுவுமே எனக்கு ஞாபகமில்லை அக்கா, காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டதுகூட இல்லை, நான் அன்றைக்கு நல்லா விளையாடினேனா. நல்லா விளையாடினாய் என்றாள் சுகந்தினி. அது உண்மையா பொய்யா என்று இன்றுவரைக்கும் தெரியாது, அவள் ஹிமாலியை அன்று பார்க்கவே இல்லையே, பந்தைத்தான் பார்த்தாள். இதெல்லாம் இப்போது எதற்கு. மூக்கில் குளிரூட்டியின் இரும்பு வாடை, விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன, ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று குதித்துக்கொண்டே இருக்கிறது, எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது, ஆறு நிமிடம், இரண்டு புள்ளி, ஒரு பிரேம்.

"அண்ணே, கோல்கம்பத்துக்குக் கீழ ஒரு கேமரா இருக்கே, தரையோட." "நாலாம் நம்பர். மழைத்தண்ணி லென்ஸ்ல இருக்கு மேடம், மங்கலாத்தான் வரும்." "மங்கலா இருந்தாப் பரவாயில்ல. கால் தெரியுமா?" தேவேந்திரன் குமிழைத் திருகினார். கால் தெரிந்தது. லென்ஸில் ஒரு சொட்டு நீர் உருண்டையாக நின்றது, அதற்கு இந்தப் பக்கம் அய்னாவின் முழங்கால்கள், சேறு அப்பி, நேராக. ஒரு பிரேம், நேராக. இன்னொரு பிரேம், நேராக. மரிசோலின் தோள் தாடையில், அப்போதும் நேராக, இரண்டு கம்பம் நட்ட மாதிரி. அடுத்த பிரேமில் மடங்குகின்றன. தேவேந்திரன் உச்சுக்கொட்டினார். சுகந்தினிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, தெரிந்துவிட்டது, இனித் தெரியாத மாதிரி இருக்க முடியாது, அதில் ஒரு வெறிபிடித்த நிம்மதி இருந்தது. "எலெயின், எனக்குச் சம்மதமில்ல," என்றாள். சொன்னதும் மைதானம் அமைதியான மாதிரி இருந்தது, அமைதியாகவில்லை, அவள் காதுதான் அடைத்துக்கொண்டது. "அவ குனியல. அடி விழுந்ததுக்கு அப்புறம்தான் முழங்கால் மடங்குது. நாலாவது கேமராவப் பாருங்க, நிறுத்தி நிறுத்திக் காட்டுறேன்." எலெயின் அண்ணாந்து பார்த்தாள். பெரிய திரையில் அந்த முழங்கால்கள் மூன்று மாடி உயரத்துக்கு நின்றன, மடங்கின, மறுபடி நின்றன, மடங்கின. பிலிப்பைன்ஸ் கேப்டன் எலெயினுக்குப் பக்கத்தில் ஓடி வந்தாள், அவள் கத்தியது எலெயினின் மைக் வழியாக வண்டிக்குள் அப்படியே வந்தது. "போன சனிக்கிழமை மஞ்சள் கொடுத்தீங்க! இதே அடி! இதே மைதானம்! உங்களுக்கு எது ஞாயம்?" எலெயின் கையைத் தூக்கி அவளைத் தள்ளி நிற்கச் சொன்னாள், பிறகு மைக்கில், நிதானமாக, "சுகந்தி, போன வாரத்ததையும் இதையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்குறீங்க?" என்றாள். இது ஒளிபரப்பில் போகிறது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள், மேலாளர், அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பெண், எல்லாருக்கும் கேட்கும். வேறு கோணம், வேறு வேகம், வேறு சூழ்நிலை என்று ஆங்கிலத்தில் நல்ல நல்ல சொற்கள் இருக்கின்றன, நாலைந்து வாயில் வந்து வரிசையாக நின்றன. "பிரிக்க முடியாது," என்றாள் சுகந்தினி. "ரெண்டும் ஒண்ணுதான். போன வாரம் குனிஞ்சான்னு சொன்னது நான். அது தப்பு. அதுவும் சிவப்பாத்தான் இருந்திருக்கணும்." தேவேந்திரன் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தார். எலெயின் பைக்குள் கையை விட்டாள், சிவப்பு. மரிசோல் தலையில் கைவைத்தாள். கேப்டன் திரும்பி வண்டி நிற்கிற திசையைப் பார்த்தாள், சுவருக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இவளை நேராகப் பார்த்த மாதிரியே இருந்தது.

அந்தத் தப்புக்குக் கிடைத்த தண்டனை உதையை மலேசியா அடித்தது, கம்பங்களுக்கு உள்ளே, மூன்று புள்ளி, இருபது பத்தொன்பது. வண்டி ஆடியது. பதினாலு பேராகிவிட்ட பிலிப்பைன்ஸ் பயப்படவே இல்லை, பந்தைக் கையை விட்டு விடாமல் அடி அடியாக, பிடி பிடியாக முன்னேறியது, சுகந்தினி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், போங்க போங்க என்று உதடு தன்பாட்டுக்கு அசைந்தது, எந்த அணிக்கென்று கேட்டால் இரண்டுக்கும்தான். எழுபத்தொன்பதாவது நிமிடம், பிலிப்பைன்ஸின் பதினோராம் எண் ஓரமாகப் பறந்து வந்தாள், மலேசியாக்காரி ஒருத்தி குறுக்கே விழுந்தாள், தோள், தலை. கூட்டம் ஓவென்றது. சதுரம். தெய்வமே, மறுபடியும் சதுரம். பிலிப்பைன்ஸ் கேப்டன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள், இப்போ காட்டு, இப்போ சொல்லு என்பது போல. சிவப்பு என்று சொல்லிவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும், அங்கே ஒன்று இங்கே ஒன்று, தட்டு நேராகிவிடும், யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், இவளையே தூக்கிக் கொண்டாடுவார்கள். நாக்கு அந்தச் சொல்லை ருசி பார்த்தேவிட்டது. "கால், அண்ணே. காலக் காட்டுங்க." தேவேந்திரன் ஏற்கெனவே தேடிப் பிடித்திருந்தார். ஈரப்புல். பதினோராம் எண்ணின் இடது கால் முன்னால் ஊன்றுகிறது, வழுக்குகிறது, இடுப்பு இறங்குகிறது, தலை இறங்குகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு பிரேம், அப்புறம்தான் தோள் வருகிறது. மலேசியாக்காரி நெஞ்சுக்குத்தான் வந்தாள், நெஞ்சு அங்கே இல்லை. இதை இப்படியே சொன்னால் ஐந்து நிமிடத்துக்குள் வெளியிலிருந்து வந்தவளுக்குச் சிவப்பு, உள்ளூர்க்காரிக்கு மஞ்சள். யார் காலைப் பார்க்கப் போகிறார்கள், அட்டையின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள்.

"மேடம்," என்றார் தேவேந்திரன் மெதுவாக, "இதுக்கு மஞ்சள்னா வெளிய உங்கள உரிச்சிடுவாங்க."

"தெரியும்ண்ணே." மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தாள். முதல் தடவை மூன்று நிமிடம் எடுத்தவளுக்கு இந்தத் தடவை அவ்வளவு தேவைப்படவில்லை. "எலெயின், தலையில பட்டிருக்கு. ஆனா கால் முதல்ல வழுக்குது, நாலு பிரேம் முன்னாடி. அடிச்சவளுக்குத் தப்பிக்க வழியே இல்ல. மஞ்சள்."

"வழுக்கல்தானே? நிச்சயமா?"

"நிச்சயமா."

மஞ்சள். பிலிப்பைன்ஸ் கேப்டன் தண்டனை உதைக்குத் தானே பந்தை எடுத்துக் குறி பார்த்து வைத்தாள், அந்த உதை உள்ளே போனால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள், சுகந்தினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், பந்து எழும்பியது, நன்றாகத்தான் எழும்பியது, கம்பத்துக்கு ஒரு முழம் இடப்பக்கமாக வெளியே போனது. இருபது பத்தொன்பது. விசில். ஒரு பாதிக் கூட்டம் குதித்தது, இன்னொரு பாதி எழுந்து நின்று ஒரே குரலில் ஊளையிட்டது, குதித்தவர்களிலும் சிலர் ஊளையிட்டார்கள். திரையில் எலெயின் மைதானத்தின் நடுவில் தனியாக நின்றாள், இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள், ஒரு தண்ணீர்ப் போத்தல் வந்து அவள் காலடியில் விழுந்தது. ஹெட்செட்டில் அவள் குரல், இப்போது ஒளிபரப்புக்குப் போகாத இணைப்பில், மூச்சு வாங்க. "சுகந்தி, நீங்க வெளிய வராதீங்க. வண்டிக்குள்ளயே இருங்க. இதை நான் பார்த்துக்கிறேன்." சரி என்று சொல்ல வாயெடுத்தாள். எவ்வளவு சுலபமான சொல். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள், தேவேந்திரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு வழிவிட்டார், கதவைத் தள்ளித் திறந்ததும் வெயிலும் ஈரமும் இரைச்சலும் ஒன்றாக மேலே வந்து மோதின, நெஞ்சு இன்னும் அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. இரும்புப் படிகள் மூன்றையும் இறங்கி, வாசற்காவலாளிக்குக் கழுத்து அட்டையைக் காட்டி, எலெயின் நிற்கிற இடத்தை நோக்கி அவள் மைதானத்துக்குள் நடந்தாள்.